கவ்வாத்துச் சாமியும் செக்ரோலும்

தேயிலை மலையில் கவ்வாத்து, அதாவது செடியைத் தரித்து வெட்டும் வேலை, தொடங்கும் முதல் நாளில் கத்தி நேரே செடியில் இறங்குவதில்லை. மலையோரத்தில் ஒரு கல்லை நிறுத்தி, மஞ்சளும் குங்குமமும் பூசி, வாழையிலையில் தேங்காய் பழம் வெற்றிலை வைத்து, சாம்பிராணி போட்டு, கடைசியில் ஒரு சேவலை அறுப்பார்கள். கவ்வாத்துச் சாமி என்று பெயர். ஆட்களின் கத்திகளெல்லாம் அந்தக் கல்லுக்கு முன்னால் கிடத்தப்பட்டிருக்கும். ஈரச் சரிவில் கால் வழுக்கினால் செடியை வெட்டுகிற கத்தி முழங்காலை வெட்டிவிடும். அந்தப் பயத்தில் பிறந்த சாமி அது. கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் இதேபோல ரோதமுனி இருக்கிறார். ஓடுகிற ரோதைக்குள் கை போகாமல் காப்பவர். கடல் தாண்டி வந்த மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் பக்கத்தில், இந்த மலைகளில் வேலையினாலேயே உண்டான சாமிகள் இவை.

பூசைச் செலவைத் தோட்டம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே அப்படித்தான் என்று என் தகப்பனார் சொல்வார். அவர் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாராம். நம்பிக்கை அவருக்கு இல்லை. ஆனால் ஆட்களுக்கு இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். செலவுக் கணக்கில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

நான் 1979இல் செக்ரோல் கிளாக்கராகச் சேர்ந்தேன். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 வீதியில் ஹல்துமுல்லையைத் தாண்டினால் பெரகலச் சந்தி. அங்கேதான் அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எலவுக்குப் போகிற ஏ16 பிரிகிறது. நேரே போனால் கொஸ்லாந்தை, வெல்லவாய. சந்திக்கு மேலும் கீழும் தோட்டங்கள். என் காலமெல்லாம் அந்த மலைகளில்தான் போனது. தோட்டங்கள் மாறின, துரைமார் மாறினார்கள், என் மேசையில் இருந்த புத்தகம் மட்டும் அதே புத்தகம்.

செக்ரோல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவார்கள். யார் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்து அனுப்பி, பிரட்டுச் சீட்டை ஆபீசுக்குக் கொடுப்பார். மாலையில் நிறுவைக் கணக்கு வரும். ஒவ்வொரு ஆளின் பெயருக்கு நேரே, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. கட்டத்தில் முழுப்பேர் விழலாம், அரைப்பேர் விழலாம், வெறுமையாகவும் கிடக்கலாம். மாதக் கடைசியில் பேர்களைக் கூட்டிச் சம்பளம் போட்டு, வலது பக்கத்தில் பிடிப்புகளைக் கழிக்க வேண்டும்: சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, டோபி, கோயில். ஒரு குடும்பம் அடுத்த மாதம் என்ன சாப்பிடும் என்பது அந்தக் கட்டங்களில் இருக்கிறது. ஆகவே துரையின் மனதில் இருப்பது எதுவானாலும், அது கடைசியில் என் பேனாவின் வழியாகத்தான் தொழிலாளியின் அடுப்புக்குப் போய்ச் சேரும்.

கவ்வாத்துச் சாமியை வைத்து ஒரு விவகாரம் 80களில் நடந்தது. தோட்டங்கள் 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுக்குப் போய், அரச நிறுவனங்களின் கீழ் இருந்த காலம். புதிதாக வந்த துரை உண்மையான பௌத்தர். மரக்கறி மட்டும் சாப்பிடுவார், போயா விரத நாள் தவறாமல் சில் எடுப்பார். லயத்துக் கான்களை முதன்முதலாக ஒழுங்காகக் கட்டித் தந்தவரும் அவர்தான். அவரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அவர் சொன்னது இதுதான்: என் நிர்வாகத்தில் உயிர்ப்பலிக்குத் தோட்டத்துப் பணம் தரமாட்டேன், தோட்டத்து மண்ணில் பலி நடக்கவும் விடமாட்டேன்.

ஆட்கள் பிரட்டுக்கு வந்தார்கள், மலைக்கும் போனார்கள். கத்தியைக் கையில் எடுக்கவில்லை. வெயில் ஏறும்வரை மலையோரத்தில் நின்றார்கள். துரை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, ஒருவருக்கும் பேர் போடக்கூடாது என்று ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். நான் மலைக்கு நடந்து போனேன். கவ்வாத்துக் கங்காணி வயதானவர். குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ஐயா, தொரைக்கு ரத்தம் புடிக்காதுன்னா அது அவரு மனசு, நாங்க ஒன்னும் சொல்லல. எங்க காலு அறுபட்டா வாரதும் ரத்தந்தானே. அதுக்கு யாரு பொறுப்பு?”

பிரட்டுச் சீட்டில் எல்லாருடைய பெயரும் இருந்தது. அதை அப்படியே டயரியில் ஏற்றினேன்: பிரட்டில் வந்தார்கள், மலைக்குப் போனார்கள், வழக்கமான பூசை நிறுத்தப்பட்டதால் வேலை தொடங்கவில்லை. கட்டங்களை வெறுமையாக விட்டாலும் இந்த வரியை விடவில்லை. சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி தொழில் கந்தோருக்கு எழுதினார். உதவித் தொழில் ஆணையாளர் முன்னால் இரண்டு பக்கமும் உட்கார்ந்தபோது, அந்த ஒரு வரிதான் பேச்சின் நடுவில் இருந்தது. முடிவு எப்படி வந்ததென்றால், சேவல் வாங்கத் துரை காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆட்கள் தங்கள் செலவில் பூசை செய்துகொள்வார்கள், துரை தடுக்கமாட்டார். நின்ற நாளுக்கு முழுப்பேர்.

அந்தத் தீர்வை இன்றுவரை சரியான தீர்வு என்றே நினைக்கிறேன். கொல்லாமை அவருடைய விரதம். சேவலுக்குக் காசு கொடுக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தினால் அதுவும் கொடுமைதான். ஆனால் அவருடைய விரதத்துக்கு அடுத்தவனின் பேரை வெட்ட முடியாது. அவருடைய கை, அவருடைய பணப்பை, அவருடைய பங்களா: அவருடைய நம்பிக்கை அதுவரைக்கும் போகலாம். செக்ரோலுக்குள் வரக்கூடாது.

உயிர்ப்பலி பற்றிய வாதம் பிறகு நாடு முழுவதும் பெரிதானது. 2011இல் முன்னேஸ்வரம் காளி கோயிலில் ஓர் அமைச்சரே நேரில் போய்ப் பலிக்கு வந்த விலங்குகளை ஏற்றிக்கொண்டு போனார். 2018இல் இந்துக் கோயில்களில் பலியைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பலி வேண்டும் என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. அதைச் சட்டம் தீர்மானிக்கட்டும், ஊர் கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும். சம்பளத்தைக் கையில் வைத்திருக்கிறவர் தீர்மானிக்கக்கூடாது என்பதுதான் என் பேச்சு.

தோட்டத்தில் இது மற்ற இடங்களைவிடக் கூர்மையாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறவர் மாலையில் முதலாளியின் கதவைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறார். இங்கே லயத்துக் காம்பரா தோட்டத்தினுடையது. கோயில் நிற்கிற மண், பிள்ளைமடுவம், பிணத்தைப் புதைக்கிற இடம், தண்ணீர்க் குழாய் எல்லாமே தோட்டத்தினுடையவை. கோயில் கூரைக்கு ஒரு தகரம் மாற்றுவதற்கும் துரையின் கடிதம் வேண்டும். எட்டு மணி நேர முதலாளி இல்லை இவர், இருபத்துநான்கு மணி நேர முதலாளி.

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1854இல் கண்டிப் பக்கத்துக் கிறிஸ்தவத் தோட்டக்காரர்கள் முன்கை எடுத்து, சீ.எம்.எஸ். என்ற மிஷனரிச் சபையோடு சேர்ந்து தமிழ்க் கூலி மிஷன் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள், செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்களே சந்தாவாகக் கொடுத்தார்கள். அதில் படிப்பும் கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில அந்த வழியில் எழுத்துக் கற்றவை. ஆனால் பிரசங்கத்துக்கு வா என்று சொல்பவரும் நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால், வந்தவர்களில் விரும்பி வந்தவர் யார், பயந்து வந்தவர் யார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

ஞாயிறு ஓய்வும் அந்த வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஏற்பாடு. துரைக்குக் கோயில் நாள், ஆட்களுக்குப் பண்டாரவளைச் சந்தை நாள். 1966 ஜனவரியில் டட்லி சேனாநாயக்க அரசாங்கம் வார ஓய்வைச் சந்திரனின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் வரும் போயாவுக்கு மாற்றியது. பள்ளிக்கூடம், வங்கி, அரசாங்கக் கந்தோர் எல்லாம் சந்திரனைப் பார்த்து மூடின. தோட்டத்துக் கணக்கும் அதன் பின்னால் இழுபட்டது. சந்திரனின் கால் பகுதி ஏழு நாளுக்கும் சற்று அதிகம். ஆகவே வாரத்தின் நீளமே ஒரு நாள் கூடும் குறையும். தகப்பனார் இரவில் பஞ்சாங்கத்தையும் செக்ரோலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறு சாதாரண வேலை நாளாகிவிட்டது. பூசைக்குப் போக வேண்டிய கத்தோலிக்கர் ஒரு பேரை இழந்துதான் போக வேண்டும். 1971இன் விடுமுறைச் சட்டம் ஞாயிறைத் திரும்பக் கொண்டுவந்தது, பௌர்ணமிப் போயாவையும் விடுமுறையாக வைத்துக்கொண்டது. பௌத்தருக்கு மதிப்புக் கொடுக்க நினைத்ததில் பிழை இல்லை. ஆனால் ஒரு மதத்தவரின் ஓய்வு நாளுக்கான விலையை இன்னொரு மதத்துத் தினக்கூலி கொடுத்தது. அந்த ஐந்து வருடங்களைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

பௌர்ணமிப் போயாவில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். ஊவாவில் இது சின்ன விஷயமில்லை. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் எங்கள் தேயிலைக்கு வாசனை ஏறும், கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். எசல, நிக்கினிப் போயாக்கள் சரியாக அந்தப் பருவத்தில் விழுகின்றன. பறிப்பு வட்டம் ஒரு நாள் தள்ளினால் கொழுந்து முற்றிவிடும். நான் பார்த்த ஒரு நிர்வாகத்தில் துரை வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போவார். மலையில் அன்று “விருப்ப வேலை” என்று சொல்லிக் கொழுந்தைக் கிலோக் கணக்கில் எடுத்துக் கைக்காசு கொடுப்பார்கள். ஒன்றரைப் பேர் போட வேண்டிய கட்டத்தைக் காலியாக விடச் சொன்னார்கள். போயா என்பதால் பேர் போட முடியாது என்று எனக்கு விளக்கம் வேறு. புண்ணிய நாள் என்பது அவருக்குத் தெரிகிறது, அந்த நாளில் உழைக்கிறவளுக்குச் சட்டம் எழுதிவைத்த அரைநாள் கூடுதல் மட்டும் தெரியவில்லை. கொழுந்து நிறுவைச் சீட்டுகளைச் சேர்த்து வைத்துச் சங்கத்திடம் கொடுத்தேன். கொடுத்தது நான்தான் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ஒளித்துச் செய்யவில்லை.

தீபாவளி விஷயம் வேறு மாதிரி. அரசாங்கமும் வங்கியும் அன்றைக்கு மூடுகின்றன. தனியார் துறைக்கான வர்த்தக விடுமுறைப் பட்டியலில் தைப்பொங்கல் உண்டு, நபி பிறந்த நாள் உண்டு, வெசாக்குக்கு மறுநாள் உண்டு, நத்தார் உண்டு, தீபாவளி இல்லை. மலையகத்து ஆட்கள் வருடம் முழுவதும் காத்திருக்கிற ஒரு நாள் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு ஐப்பசியிலும் உறுத்தும். தோட்டங்கள் லீவு விடுகின்றன, ஒருநாளும் விடாமல் இருந்ததில்லை. ஆனாலும் அது நிர்வாகத்தின் நல்ல மனது. முற்பணமும் அப்படியே கொடுக்கப்படுகிறது, பிறகு மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. திருநாளுக்குத் துரை கொடுத்த பணம் என்று பேச்சு. செக்ரோலின் வலது பக்கத்தில் அது கடன்.

இனி கோயில் பிடிப்பு. எல்லாருடைய சம்பளத்திலும் மாதம் ஒரு சிறு தொகை கோயிலுக்குப் போகும். திருவிழா, பூசாரி, தேர், தப்பு எல்லாம் அதில்தான் நடக்கின்றன. ஒரு மாதம் கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். அவருடைய குடும்பம் கொஞ்ச நாளாக ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. “கிளாக்கரையா, இனிமே எனக்குக் கோயில் காசு வெட்டாதீங்க. சாமி மேல கோவம் இல்ல. நான் கும்புடல, அவ்வளவுதான்,” என்றார். எழுதிக் கேட்டேன், எழுதத் தெரிந்த மகளைக் கொண்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதமே வெட்டவில்லை.

கோயில் கமிட்டி கொதித்துவிட்டது. கமிட்டித் தலைவர்தான் சங்கத்துத் தோட்டத் தலைவரும். கோயில் எல்லாருக்கும் பொது, நாளைக்கு நீ செத்தால் தப்படிக்க ஆள் வராது என்றெல்லாம் அந்த அக்காவிடம் பேசினார்கள். துரைக்கும் எரிச்சல், லயத்தில் சண்டை வருகிறது, பழையபடி பிடித்துவிடு என்றார். சம்பள நிர்ணயச் சபைச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் இப்படிப் பிடிக்க முடியாது என்று சட்டத்தின் பிரதியை அவர் மேசையில் வைத்தேன். கவ்வாத்துச் சாமிக்காக நின்ற அதே நியாயம்தான் இதுவும். அன்றைக்கு என்னைக் கொண்டாடியவர்களில் பலர் இந்த முறை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நாட்டில் வேறெதுவும் சொந்தமில்லாத சனத்துக்குச் சொந்தமாக இருந்தது அந்தக் கோயில் ஒன்றுதான். அதற்காக ஒரு பெண்ணின் சம்பளத்தில் அவளைக் கேட்காமல் கைவைக்க முடியுமா?

2014 ஜூன் கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஹொபி லொபி என்ற கடைத்தொடரின் உரிமையாளர் குடும்பம், சில கருத்தடை முறைகள் தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு விரோதம் என்பதால் ஊழியர் காப்புறுதியில் அவற்றைச் சேர்க்க முடியாது என்று வழக்காடியது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் குடும்பம் வென்றது. அந்த நம்பிக்கை இல்லாத பெண் ஊழியர்கள் என்ன ஆவார்கள் என்று நீதியரசர் கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது 80களின் தோட்டத்து லொறி. அப்போது கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கத்தொகை இருந்தது. பிள்ளை பெற்ற பெண்களைத் தோட்டத்து வாகனத்திலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எங்கள் சபை இதை விடாது என்று சொன்ன ஒரு கத்தோலிக்கத் தாய்க்கு, காசு கிடைக்கும் போ என்றுதான் பதில் கிடைத்தது. அங்கே முதலாளியின் நம்பிக்கை கொடுக்க மறுத்தது, இங்கே நிர்வாகத்தின் அவசரம் எடுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு, ஆனால் வாசல் ஒடுக்கம். 1978 யாப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 14ஆம் உறுப்புரை வழிபாட்டையும் தருகின்றன. மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 12ஆம் உறுப்புரை சொல்கிறது. அடிப்படை உரிமை வழக்கை உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அதுவும் அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டும். தோட்டங்கள் அரச நிறுவனங்களிடம் இருந்த காலத்தில் அந்தக் கதவு திறந்திருந்தது, தட்ட ஆள் இல்லை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. 1998இல் இலங்கை, தொழிலில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை ஏற்றது. ஆனால் தனியார் கம்பனியின் துரை மதத்தைப் பார்த்து நடந்தால் நேரே போய்ப் பிடிக்க ஒரு தனிச் சட்டம் இல்லாததால், சம்பளம், பிடிப்பு, லீவு, வேலைநீக்கம் என்று வேறு பெயர்களில்தான் அதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் செக்ரோலில் உள்ள ஒவ்வொரு கட்டமும் முக்கியம் என்று எனக்குப் பின்னால் வந்த பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக நான் வேலை செய்த தோட்டத்தில் துரை தமிழர், இந்து. ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான். கோயிலுக்குப் புதுக் கூரை வந்தது, கும்பாபிஷேகத்துக்குத் தாராளமாகக் கொடுத்தார், முதல் மரியாதை அவருக்கு. அதே வருடம், லயத்துக் கோடியில் ஒரு காம்பராவில் ஜெபம் நடத்திய குடும்பங்களுக்கு, அனுமதியில்லாத கூட்டம், காம்பராவைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று கடிதம் போனது. நிறுத்தாவிட்டால் காம்பராவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருந்தது. அதே வரிசையில் வேறொரு காம்பராவில் ஐயப்பன் பூசை நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கடிதம் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒரே சாமியைக் கும்பிடுகிற இடத்தில், அந்தச் சாமியைக் கும்பிடாத ஆளின் கதி இன்னும் மோசமாகிவிடுகிறது.

அந்தக் குடும்பங்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெரகலச் சந்தியில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் கூடுகின்றன. நான் ஓய்வு பெற்றபின் அவர்களுக்காகப் பதுளையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கம்பனி தனியார்தானே என்று முதலிலேயே கேட்பார்கள் என்பதால் அதையே முதல் பந்தியாக்கினேன். நிர்வாகம்தான் கம்பனியிடம் இருக்கிறது. நிலம் இன்றும் அரசினுடையது, கம்பனியிடம் நீண்டகாலக் குத்தகைக்கு இருக்கிறது. அரசின் நிலத்தில் ஒரு காம்பராவில் பூசை நடக்கலாம், பக்கத்துக் காம்பராவில் ஜெபம் நடக்கக்கூடாது என்பது அரசு அனுமதிக்கிற பாகுபாடு. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் கொடுத்தால், விசாரணை நடக்கிற காலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகிற தவணையில் சேராது என்று 1996இன் சட்டம் சொல்கிறது. ஆகவே கடிதம் கிடைத்த தேதியோடு தபால் முத்திரை உள்ள உறையையும் இணைத்தேன். ஐயப்பன் பூசையில் மாலை போட்டிருந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.